கருப்பட்டி மண்டிக்குப் பின்னால் ஒரு வால்ட்ஸ்

புத்தகத்தின் முதல் படத்தில் ஆள் இல்லை. பாதங்கள் மட்டும்தான் இருந்தன. வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் அச்சான ஷூ தடங்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு எண், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஒரு புள்ளிக் கோடு. என் கணவர் அதை விளக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு, கப்பல் மேப்பைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வடக்கு எதுன்னு போடலயே," என்றார்.

அவர் தூத்துக்குடியில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஷிப்பிங் கிளார்க். கரையோரத்தில் ஆழம் போதாது என்பதால் பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளியே நங்கூரம் போடும். சரக்கு தோணியில் போய்வரும். சரக்குத் தாள்களோடு லாஞ்ச் என்ற மோட்டார் படகில் போய்வருவது அவர் வேலை. அப்படிப் போன ஒரு கப்பலில் பரிமாறும் ஸ்டூவர்ட் ஒருவரிடம் கேட்டு வாங்கிவந்த புத்தகம் அது. ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து ஆடும் இங்கிலீஷ் நடனத்தை வீட்டிலிருந்தபடியே கற்றுக்கொள்ளலாம் என்று அட்டையில் போட்டிருந்தது. திரும்பி வரும்போது லாஞ்சில் அலை அடித்துப் பின்பாதி நனைந்துவிட்டது. காயவைத்துப் பிரித்தபோது ஒட்டிக்கொண்ட பக்கங்களில் எழுத்து உரிந்துபோய், படங்கள் மட்டும் அங்கங்கே மிஞ்சியிருந்தன.

யுத்தம் முடிந்த மறு வருஷம். கம்பெனியின் வெள்ளைக்கார அசிஸ்டெண்ட் ஊருக்குத் திரும்பப் போகிறார் என்று முடிவாகியிருந்தது. அந்த இடத்துக்கு இந்தத் தடவை ஓர் இந்தியரைப் போடலாம் என்று மேனேஜர் துரை சொல்லியிருந்தார். அது என் கணவராக இருக்கலாம். இல்லாவிட்டால் கொச்சி ஆபீசிலிருந்து ஒருவரைக் கொண்டுவருவார்கள். இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கிளப்பில் நடக்கும் நடனத்துக்கு மனைவியோடு வரும்படி துரை அவரை அழைத்தார். அதற்கு முன் எந்த கிளார்க்கையும் அங்கே அழைத்ததில்லை. என் கணவர் அதை அழைப்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை. பரீட்சை என்று எடுத்துக்கொண்டார்.

எனக்கு அந்த உத்தியோகத்தின் மேல் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது அதோடு வரும் வீடு.

நாங்கள் இருந்தது கணவரின் அண்ணன் வீட்டில்; அவர் எனக்கு அத்தான், அவர் மனைவி மதினி. முன்னால் கருப்பட்டி மண்டி. அதற்குப் பின்னால் ஒரு நீளமான ஹால், இரண்டு அறைகள், அடுக்களை. அறைகள் இரண்டும் அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும். ஹாலின் ஒரு மூலையை ஓலைத் தட்டி வைத்து மறைத்து எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் மண்டியில் கொள்ளாத, ஓலையில் கட்டிய கருப்பட்டிச் சிப்பங்கள் கூரை வரை அடுக்கியிருக்கும். வெயில் காலத்தில் கருப்பட்டி இளகித் தரை பிசுபிசுக்கும். எறும்பு எப்போதும் உண்டு. யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. மதினி நல்ல மனுஷி. ஆனால் அந்த வீட்டில் நான் சாத்திக்கொள்ள ஒரு கதவு இல்லை. படிக்க உட்கார்ந்தால் யாராவது வருவார்கள், வந்தவர்களுக்காக எழுந்திருப்பேன், எழுந்தபின் மறுபடி உட்கார மனம் வராது. மண்டி வாசலிலிருந்து கிணற்றடிக்கும், கிணற்றடியிலிருந்து மண்டி வாசலுக்கும் ஒரு நாளில் எத்தனையோ தரம் நடப்பேன். "ஒனக்குக் கால்ல சக்கரமாளா?" என்பார் மதினி.

தனியாக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தால் என்ன என்று கேட்கலாம். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் பாகப்பிரிவினை. தம்பி தனிக்குடித்தனம் போனால் அண்ணனோடு சண்டை என்று அர்த்தம். சண்டை என்றால் மதினிக்கும் கொழுந்தன் பெண்டாட்டிக்கும் ஆகவில்லை என்று அர்த்தம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோவில் வாசலில் இரண்டு கட்சி நிற்கும். ஆனால் கம்பெனி ஒரு வீட்டைக் கொடுத்து அதில் இரு என்று சொன்னால் அது உத்தரவு. உத்தரவுக்கு யாரும் வருத்தப்பட முடியாது. அசிஸ்டெண்டின் வீடு பீச் ரோட்டில் இருந்தது. ஓட்டுக் கூரை, சுற்றிலும் வராந்தா, கடலைப் பார்த்த பச்சைக் கதவுகள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் அந்தக் கதவுகளைத்தான் பார்ப்பேன்.

ஆகவே புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பழக ஆரம்பித்தோம்.

பழகும் நேரம், மாலையில் மதினி அடுக்களையிலும் அத்தான் மண்டியிலும் இருக்கும் பொழுது. இடம், சிப்பங்களுக்கும் தட்டிக்கும் நடுவில் இருந்த சந்து. புத்தகத்தை ஒரு சிப்பத்தின் மேல் சாய்த்து வைத்தோம். முதலில் வால்ட்ஸ். முன்பாதியில் இருந்த கறுப்புத் தடங்களின்படி இடது கால் முன்னால், வலது கால் பக்கத்தில், இடது வந்து சேர வேண்டும். பின்பாதியில் வேறு மாதிரித் தடங்கள் இருந்தன. முன்புறம் கூர்மையான இலைபோல ஒன்று, அதற்குப் பின்னால் தனியாக ஒரு சின்னப் பொட்டு. கூட இருந்த எழுத்து உப்புத் தண்ணீரில் போய்விட்டது.

"இது என்ன பொட்டு?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். கப்பலில் வரும் துரைசாணிகளின் கால்களைப் பார்த்த அனுபவம் அவருக்கு உண்டு. "ஹீல்ஸ்," என்றார். "இது ஹீல்ஸ் போட்டவங்களுக்கு. நீ போடுதது தட்டைச் செருப்பு. நமக்கு அந்த முன்னால உள்ள பக்கந்தான்."

நியாயமாகத்தான் பட்டது. நான் ஆசிரியப் பயிற்சி முடித்தவள். இங்கிலீஷ் நாவல்கள் வாசிப்பவள். அப்படியும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அதற்கு ஒரு காரணம், நாங்கள் இருவரும் மிஷன் பள்ளியில் டிரில் செய்து வளர்ந்தவர்கள். டிரில் என்றால் வரிசையில் நிற்பது. எல்லாரும் ஒரே பக்கம் பார்ப்பது. எல்லாரும் இடது காலை ஒன்றாக எடுத்து வைப்பது. இன்னொரு காரணம் அந்த ஹால். பிள்ளைகள் குறுக்கே ஓடும் இடத்தில், அத்தான் எந்த நிமிஷமும் சிப்பம் எண்ண வரக்கூடிய இடத்தில், கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. அதனால் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். இரண்டு பேரும் சிப்பத்தைப் பார்த்துக்கொண்டு, கைகளைக் காற்றில் வளைத்து வைத்துக்கொண்டு, இடது, வலது, சேர். பிடித்துக்கொள்வது மட்டும்தான் பாக்கி, அதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தோம்.

பாட்டுக்கு வழியில்லை. வீட்டில் கிராமபோன் கிடையாது. ஆனால் நாசரேத்தில் படித்தபோது நான் கோவில் பாடகர் குழுவில் ஆல்டோ என்ற கீழ்க்குரல் பாடியவள். எங்கள் ஞானப்பாட்டுகளில் பலவற்றுக்கு வால்ட்ஸைப்போலவே மூன்று தட்டுத் தாளம். அவற்றில் ஒன்றை வார்த்தை இல்லாமல், கொஞ்சம் விரைவாக, வாய்க்குள் பாடினேன். கால் அதற்குச் சரியாக விழுந்தது.

ஒரு நாள் பாட்டு கொஞ்சம் பலமாகிவிட்டது போலிருக்கிறது. திரும்பிப் பார்த்தால் மதினி முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கைகூப்பி, கண்ணை மூடிச் சந்தின் வாசலில் நிற்கிறார். குடும்ப ஜெபம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து அடுப்பை விட்டு வந்திருக்கிறார். ஆமென் வராததால் கண்ணைத் திறந்தார். கொழுந்தனும் நானும் கைகளை வளைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார்.

"என்னளா இது, ஜெபமா டிரில்லா?"

"முதுகு வலிக்கு எக்ஸர்சைஸ் மதினி," என்றார் என் கணவர். "லாஞ்சுல போய்வந்து இடுப்பு பிடிச்சிக்கிட்டு. டாக்டர் சொல்லியிருக்காரு."

"ஒனக்கு முதுகு வலின்னா அவ எதுக்குச் செய்யுதா?"

"தொணைக்கு," என்றேன்.

"முதுகு வலிக்கு ஞானப்பாட்டு வேறயா? நல்ல டாக்டர்தான்." முந்தானையைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு அடுக்களைக்குப் போனார். பிறகு அங்கிருந்து, "பாட்ட முழுசாப் பாடியாச்சும் முடிங்க. பாதியில நிறுத்தக் கூடாது," என்று குரல் வந்தது.

அவர் நம்பினாரா என்று தெரியாது. ஆனால் அன்றிலிருந்து பிள்ளைகளை அந்த நேரத்தில் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார்.

டிசம்பர் வந்தது. நடனம் என்ற வார்த்தையை அத்தானிடம் சொல்ல முடியாது. அவர் சபைக் கமிட்டியில் இருந்தவர். கம்பெனியில் கிறிஸ்துமஸ் விருந்து என்று சொன்னோம். அது பொய்யும் அல்ல, கேக் உண்டு. கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையை உடுத்திக்கொண்டேன். காதில் மதினியின் முத்துக் கம்மல். அவரே கழற்றி என் காதில் போட்டுவிட்டார். "துரைசாணிக பாக்கட்டும்," என்றார். பிறகு, "அந்த பீச் ரோட்டு வீட்டுல எத்தன ரூம்ளா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

கிளப் ஹாலின் தரை மரப்பலகை. எதையோ போட்டுத் தேய்த்து வழுவழுப்பாக்கியிருந்தார்கள். பிசுபிசுத்த தரையில் பழகிய எங்களுக்கு அது முதல் அதிர்ச்சி. மூலையில் ஒரு கிராமபோன். கப்பல் அதிகாரி ஒருவர் ரெக்கார்டுகளை மாற்றிக்கொண்டிருந்தார். ஆண்கள் பலர் பக்கத்து அறையில் குடித்துக்கொண்டிருந்தார்கள். இந்தியர்கள் என்று நாங்கள் இருவர் மட்டும்தான்.

வால்ட்ஸ் ரெக்கார்டு போட்டார்கள். என் கணவர் எழுந்து, புத்தகத்தில் கண்டிருந்தபடி லேசாகக் குனிந்து கை நீட்டினார். போனோம். அவர் என் முதுகில் கை வைத்தார். நான் அவர் தோளில் வைத்தேன். கல்யாணமாகி நான்கு வருஷத்தில், நின்றபடி, வெளிச்சத்தில், அப்படி ஒருவரையொருவர் பார்த்தது அதுதான் முதல் தரம். அவர் நெற்றியில் வேர்த்திருந்தது. எண்ணிக்கொண்டு இருவரும் இடது காலை முன்னால் வைத்தோம்.

முழங்காலும் முழங்காலும் முட்டின. அவர் தாடை என் நெற்றியில் இடித்தது.

"பின்னால போளா," என்றார் உதட்டை அசைக்காமல்.

"பின்னால போறதுக்கு எங்க இருந்தது? முன்னாலதான போட்டிருந்தது."

"பொம்பள பின்னால போகணும் போலிருக்கு."

"அந்தப் பக்கம் நமக்கு இல்லன்னு நீங்கதான சொன்னிய?"

மறுபடி முயன்றோம். மறுபடி முட்டிக்கொண்டோம். நான் பின்னால் போகலாம் என்று காலை எடுத்தால், இத்தனை நாள் பழகிய கால் தானாக முன்னால் போனது. பக்கத்தில் ஆடிய ஒரு ஜோடி எங்களைச் சுற்றி வழி வளைத்துக்கொண்டு போனது. பாட்டின் பாதியிலேயே நாற்காலிக்குத் திரும்பிவிட்டோம். அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "போச்சு," என்றார். கொச்சிக்காரர் ரயில் ஏறிவிட்டார் என்பதுபோல் உட்கார்ந்திருந்தார். எனக்கும் பச்சைக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்வதுபோல் இருந்தது.

அடுத்த ரெக்கார்டுக்கு மேனேஜரின் துரைசாணி எங்களிடம் வந்தார். துரை பக்கத்து அறையை விட்டு வருவதில்லை. அதனால் அந்த அம்மாளுக்கு ஆடத் துணை இல்லை. என் கணவரைக் கூப்பிட்டார். மாட்டேன் என்று சொல்ல முடியாமல் அவர் எழுந்து போனார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இடது காலை முன்னால் வைத்தார். அந்த அம்மாளின் வலது கால் பின்னால் போனது. எங்கும் முட்டவில்லை. ஹாலின் அந்த மூலை வரை போய், திரும்பி, இந்த மூலைக்கு வந்தார்கள். அவர் எண்ணுவது வாய் அசைவில் தெரிந்தது. ஆனால் கால் புத்தகத்தில் போட்ட கோட்டிலிருந்து கொஞ்சமும் விலகவில்லை. வாசலில் நின்ற ஒருவர் கிளாஸை இறக்கிவிட்டுக் கவனித்தார். அப்போதுதான் எனக்கு முழுக்கப் புரிந்தது. அவர் சரியாகத்தான் கற்றிருக்கிறார். நானும் சரியாகத்தான் கற்றிருக்கிறேன். இரண்டு பேரும் ஆணாகக் கற்றிருக்கிறோம்.

அவரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு துரைசாணி என் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்கள் கணவர் நன்றாக ஆடுகிறார். நீங்கள் ஏன் ஆடவில்லை?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"எனக்கு ஆணின் பகுதிதான் தெரியும்," என்றேன்.

ஏன் என்று கேட்டார். பொட்டைப் பற்றிச் சொன்னேன். தட்டைச் செருப்பைக் காட்டினேன். அவர் சத்தம்போட்டுச் சிரித்தார். பிறகு எழுந்து நின்று, "அப்படியானால் என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள்," என்றார். அங்கே பெண்ணும் பெண்ணும் ஆடுவது வழக்கம்தான் போலிருக்கிறது. ஆண்கள் குடிக்கப் போய்விட்டால் வேறு வழி? இன்னொரு மூலையிலும் அப்படி ஒரு ஜோடி ஆடிக்கொண்டிருந்தது.

நான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த நடனத்தில் ஆண் பகுதியை ஆடுகிறவருக்குத்தான் வழி தெரிய வேண்டும். எங்கே திரும்புவது, யாரைச் சுற்றிப் போவது என்று அவர் முடிவு செய்ய வேண்டும். முதல் சுற்றில் பயமாக இருந்தது. இரண்டாவதில் மூச்சு சீராகிவிட்டது. மண்டி வாசலுக்கும் கிணற்றடிக்கும் நடந்த கால்களுக்கு அவ்வளவு பெரிய தரை கிடைத்தது அன்றுதான். ஜன்னல் வரை போனேன். இன்னும் போக இடம் இருந்தது.

ஆடும்போது அவர் பேசிக்கொண்டே வந்தார். இந்த ஊருக்கு வரும் எல்லாரையும்போல முதலில் முத்தைப் பற்றிக் கேட்டார். முத்துக் குளிக்கும் சலாபம் நடந்து பல வருஷமாகிறது, காதில் இருப்பது பழையது, அதுவும் என்னுடையது அல்ல என்றேன். பிறகு எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"பீச் ரோட்டு வீடு காலியாகப் போகிறது," என்றார். "உங்களுக்கு வேண்டியிருக்குமா? இல்லை, குடும்பத்தோடு இருப்பதுதான் உங்களுக்குப் பிடிக்குமா?"

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "அதெல்லாம் வேண்டாம். எல்லாரும் ஒன்றாக இருக்கிறோம். எனக்கு ஒரு குறையும் இல்லை."

பின்னாளில் பத்திரிகை அலுவலகத்தில் பிறர் சொன்ன வார்த்தைகளைத் திருத்துவதே என் பிழைப்பானது. நான் சொன்னதில் அந்த வாக்கியத்தைத் திருத்தத்தான் இன்றும் கை போகிறது. ஆனால் அது என் வாயிலிருந்து வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில், ஒன்றைக் கொடுக்க வந்தால் முதல் தரம் வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தரம் எதற்கு என்பார்கள். மூன்றாம் தரம் வாங்கிக்கொள்வார்கள். முதல் தரமே வாங்குகிறவளை வளர்ப்பு சரியில்லை என்பார்கள். அதோடு, புகுந்த வீட்டில் குறை உண்டு என்று அந்நியரிடம் சொல்கிற பெண்ணை நான் கண்டதில்லை. அந்தப் பதிலை நான் யோசித்துச் சொல்லவில்லை. கால் முன்னால் போனதுபோல வாய் போயிற்று.

சொல்லிவிட்டு இரண்டாம் தரத்துக்காகக் காத்திருந்தேன். ஒரு சுற்றுப் போனோம். அவர் கேட்கவில்லை. இன்னொரு சுற்று. "எவ்வளவு நல்ல விஷயம், எங்கள் ஊரில் இப்படி ஒற்றுமை கிடையாது," என்றார். ரெக்கார்டு முடிந்துவிட்டது.

பொங்கல் கழிந்ததும் உத்தியோகம் என் கணவருக்கே வந்தது. நடனத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று யாருக்கும் தெரியாது. துரை ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும். அத்தான் மண்டியில் எல்லாருக்கும் சுக்கு சேர்த்த சில்லுக் கருப்பட்டி கொடுத்தார். அன்று சாயங்காலம் தட்டிக்குப் பின்னால் என் கணவரிடம் கேட்டேன்:

"வீடு?"

"வர்ற கெஸ்டுங்களுக்கு வச்சிக்கிடப் போறாங்களாம்." சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "ஒங்க வீட்டம்மாவுக்குக் குடும்பத்தோட இருக்கதுதான் இஷ்டமாமேன்னு துரை சொல்லுதாரு. நீ என்னளா சொன்ன அங்க?"

"வேண்டாம்னு சொன்னேன்."

"எதுக்கு?"

"அந்தத் துரைசாணி ஒருதரந்தான கேட்டா."

அவர் பொத்தானிலேயே நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. அவரையும் அதே மாதிரிதான் வளர்த்திருந்தார்கள். "ஆமா," என்றார் கடைசியில். "நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்." படுத்தார். கொஞ்ச நேரத்தில் தூங்கியும்போனார். அவருக்கு வேண்டியது வந்துவிட்டது. நான் எழுந்து கிணற்றடிக்குப் போனேன், வந்தேன், போனேன்.

இரண்டு வாரம் இப்படியே போயிற்று. ஒரு நாள் மத்தியானம் ஒரு பொட்டலம் சில்லுக் கருப்பட்டியை எடுத்துக்கொண்டு, நூல் வாங்கி வருகிறேன் என்று மதினியிடம் சொல்லிவிட்டு, மேனேஜர் பங்களாவுக்கு நடந்தேன். உப்புக் காற்று முகத்தில் அடித்தது. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். தமிழில் சொல்லியிருந்தால் பாதியில் திரும்பியிருப்பேன்.

துரைசாணி வராந்தாவில் தேநீரோடு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதில் அவருக்குச் சந்தோஷம்தான். பொட்டலத்தை வாங்கி ஒரு துண்டை வாயில் போட்டு, சுக்குக் காரத்தில் கண்ணைச் சுருக்கினார். "தேநீர் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார்.

"வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டேன்," என்றேன். சாப்பிடவில்லை, தொண்டை வறண்டு கிடந்தது. அவர் தலையாட்டிவிட்டுத் தன் கோப்பையை எடுத்துக் குடித்தார். தேநீர் வரவில்லை. வரவும் வராது. அவரிடம் கஞ்சத்தனம் ஒன்றும் இல்லை. நான் வேண்டாம் என்று சொன்னேன், அவர் என் வார்த்தையை நம்பினார், அவ்வளவுதான்.

"அன்றைக்கு வீடு வேண்டுமா என்று கேட்டீர்கள்," என்றேன். "வேண்டாம் என்றேன். அது உண்மை இல்லை."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "யாராவது உங்களைக் கஷ்டப்படுத்துகிறார்களா?"

இந்தக் கேள்வியை நான் ஒத்திகை பார்க்கவில்லை. "இல்லை. நல்லவர்கள்," என்றேன். "அன்றைக்கு நான் போட்டிருந்த கம்மல் கூட அவர்களுடையதுதான். ஆனால் அங்கே எனக்குக் கதவு இல்லை."

"பிறகு ஏன் வேண்டாம் என்றீர்கள்?"

"நீங்கள் ஒரு தடவைதான் கேட்டீர்கள்."

அவருக்குப் புரியவில்லை. வழக்கத்தை விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. தேநீர்ப் பாத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பட்லரைக் கூப்பிட்டு இன்னொரு கோப்பை கொண்டுவரச் சொன்னார்.

"சரி. இப்போது கேட்கிறேன். அந்த வீடு உங்களுக்கு வேண்டுமா?"

அப்போதும் வேண்டாம் என்ற சொல் தொண்டை வரை வந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டும்," என்றேன். இங்கிலீஷில் அது வெறும் 'யெஸ்'. அதைச் சொன்னபின் காது சூடாகிவிட்டது.

"நீங்கள் கேட்டதாக யாருக்காவது தெரிய வேண்டுமா?"

"வேண்டாம்." இதை உண்மையாகவே சொன்னேன், அவருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். "உத்தரவாக வரட்டும்."

மாசி பிறந்து சில நாளில் டைப் அடித்த உத்தரவு வந்தது. கப்பல் வேலை இரவும் பகலும் இருப்பதால் அசிஸ்டெண்ட் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கம்பெனி வீட்டில்தான் குடியிருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. என் கணவர் அதை மண்டியில் வைத்து அத்தானுக்கு வாசித்துத் தமிழில் சொன்னார். அத்தான் தாளை வாங்கி, தெரியாத இங்கிலீஷை ஒருதரம் மேலிருந்து கீழே பார்த்தார்.

"கம்பெனி சொல்லிட்டா என்ன செய்ய முடியும்?" என்றார். "நம்ம கையில என்ன இருக்கு? ஞாயித்துக்கிழம சாப்பாடு இங்கதான்."

மண்டிக்கு வந்தவர்களுக்கெல்லாம் அன்று முழுக்க அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி இல்லாமல் கம்பெனியில் ராத்திரிக் கப்பல் நகராது என்பது சாயங்காலத்துக்குள் கடைத்தெருவுக்கே தெரிந்துவிட்டது.

எங்கள் சாமான் ஒரு மாட்டு வண்டி நிறையக்கூட இல்லை. டிரங்குப் பெட்டி, புத்தகங்கள், படுக்கை, கொஞ்சம் பாத்திரம். மதினி அடுக்களையிலிருந்து ஒரு பித்தளைக் குடத்தையும் அரிவாள்மணையையும் கொண்டுவந்து வண்டியில் வைத்தார். நான் முதல் தரம் வேண்டாம் என்றேன், இரண்டாம் தரம் எதற்கு என்றேன், மூன்றாம் தரம் வாங்கிக்கொண்டேன். கடைசிப் பிள்ளை அவர் இடுப்பில் இருந்தது. பெரியது இரண்டும் வண்டிச் சக்கரத்தில் ஏறிக்கொண்டிருந்தன. உள்ளேயிருந்து அத்தான் தண்ணி கேட்டார். மதினி திரும்பவில்லை.

"நூல் வாங்கப் போறேன்னு போனியே," என்றார் மெதுவாக. "நூல் எங்கேளா?"

நான் குடத்தை வண்டியில் நேராக வைத்தேன். என் கணவர் வண்டிக்காரரோடு கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார், அவருக்குக் கேட்கவில்லை.

"ஒன்னயக் கொற சொல்லல," என்றார் மதினி. மறுபடி உள்ளேயிருந்து தண்ணிக்குக் குரல் வந்தது. "வாரேன், வாரேன்!" என்று கத்திவிட்டு, பிள்ளையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, என் காதுப்பக்கம் குனிந்தார்.

"அந்தத் துரைசாணியப் பாத்தா, எனக்கும் ஒரு உத்தரவு போடச் சொல்லுளா."